மேல் பீலி குறித்த இரண்டு மகஜர்கள்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான எங்கள் லயத்துக்கு இரண்டு பீலிகள் உண்டு. மலை ஊற்றின் நீரைக் குழாய் வழியே இறக்கி ஓரிடத்தில் விழச் செய்திருப்பதைத்தான் பீலி என்கிறோம். மேல் பீலியில் குடிநீர் பிடிப்போம். வேறோர் ஊற்றிலிருந்து வரும் கீழ்ப் பீலியில் குளிப்போம், துவைப்போம். மேல் பீலிக்கும் மேலே, தோட்ட நிர்வாகம் கைவிட்டதால் புல் மண்டிய தேயிலை மலையொன்று இருக்கிறது. டவுன் குப்பையைக் கொட்ட அந்த இடத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது, நான் பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டில் இருந்தேன்.

பிரதேச சபையில் வாக்கெடுப்பு நடப்பதற்கு முன் எங்கள் பகுதி உறுப்பினரைச் சந்தித்து, எல்லோரும் கையெழுத்திட்ட கோரிக்கை மனுவாக ஒரு மகஜர் கொடுப்பதென மாதர் சங்கத்தில் முடிவாயிற்று. சங்கத் தலைவி அம்மாவுடன் கொழுந்து பறிப்பவர். நான் அவரைச் சித்தி என்றே அழைப்பேன்.

"தமிழ் படிக்கிற புள்ள லயத்துலயே இருக்கறப்ப எழுத ஆளு தேடி எங்க போறது? நல்லா ஒறைக்கிற மாதிரி எழுதும்மா. மெம்பரு சோறு திங்கிறப்ப பொரையேறணும்" என்றார்.

எழுதினேன். சரிவில் விழும் மழைநீர் எவ்வழியே ஊற்றைச் சேர்கிறது, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவம் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுதி, மூன்று முறை படியெடுத்தேன். கையெழுத்துகளும் கைநாட்டுகளும் அடுத்த இரண்டு பக்கங்களை நிறைத்தன.

மூன்றாம் நாள் அப்பா வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். அவர் டவுனில் ஒரு மரக்கறிக் கடையில் மூட்டை நிறுப்பவர். கடை முதலாளிதான் வர்த்தகர் சங்கத்தின் செயலாளர்.

"முதலாளி ஒன்னையக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. ஒரு கடுதாசி எழுதணுமாம்."

"எதப் பத்தி?"

"போனா தெரியும்."

அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரிந்தது. மறுநாள் போனேன்.

லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு, முதலாளி தம் கையாலேயே பிளேன்டீ கொடுத்தார். "எங்களுக்கும் ஞாயம் இருக்குது மகள். மார்க்கட்டுக்குப் பின்னால போயிப் பாருங்க. மழை பேஞ்சா குப்பத் தண்ணி கடைக்குள்ள வருது. எங்கதான் கொண்டு போயிக் கொட்டுறது, நீங்களே சொல்லுங்க?"

அப்பா தராசருகே, நிறுக்க எதுவுமில்லாமல் நின்றிருந்தார்.

மோசமாக எழுதியிருக்கலாம். கை வரவில்லை. முதலாளி சொல்லச் சொல்ல ஒழுங்குபடுத்திக்கொண்டே போனேன். "தண்ணி கெட்டுப் போகும்னு லயத்து ஆளுங்க சொல்லுவாங்க. அதுக்கு ஒரு பதில் போடணுமே" என்று அவர் நிறுத்தினார். எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை முதலில் எடுத்துக்கொண்டு மறுக்க வேண்டும் என்பது வகுப்பில் எங்களுக்குப் பழக்கப்பட்டது. அந்தப் பழக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதினேன். வாசித்துக் காட்டியதும் அவர் மேசையைத் தட்டி "அடடே!" என்றார். தாள் உடனே தட்டச்சுக்குப் போயிற்று. திருப்பிக் கேட்க அவகாசம் இருந்தது, கேட்கவில்லை.

ஞாயிறு காலை உறுப்பினரின் வீட்டில் இரு தரப்பையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வர்த்தகர்கள் பொன்னாடையோடு வந்தார்கள். பழக்கூடையை அப்பா சுமந்து வந்தார்.

"அவுங்க கூடையோட வந்துட்டாங்க. நம்ம கையில என்னடி இருக்கு?" என்றார் பின்னால் ஒருத்தி.

"கைநாட்டு இருக்குல்ல, போதாதா?"

சிரிப்பு அடங்குமுன் உறுப்பினர் வந்தார். "ரெண்டு பக்கமும் நம்ம ஆளுங்கதான். சண்ட புடிக்காம ஒக்காருங்க" என்றார். எங்கள் மகஜரைத் தலையாட்டியபடி மனத்துக்குள் வாசித்தார். அவர்களுடையதை உரக்க வாசித்தார்.

"மேல் பீலி ஆண்டில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் வறண்டு கிடப்பதும், அக்காலத்தில் லயத்து மக்கள் கீழ்ப் பீலியின் நீரையே பருகிவருவதும் யாவரும் அறிந்ததே." நிமிர்ந்து சித்தியைப் பார்த்தார். "அப்ப கீழ்ப் பீலி இருக்குதானே அக்கா?"

"மூணு மாசம் வேற வழியில்லாம காய்ச்சிக் குடிக்கிறோம் மெம்பரு. அதுக்காக வருசம் பூரா குடிப்பமா?" என்ற சித்தி, வர்த்தகர்கள் பக்கம் திரும்பினார். "அது கெடக்கட்டும். மேல் பீலி வத்துற சங்கதி டவுன்ல உள்ளவங்களுக்கு எப்புடித் தெரியும்?"

பெண்களின் பார்வை ஒவ்வொன்றாகப் பழக்கூடையருகே போய் நின்றது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாது என்ற கவனம் அவர் கழுத்தில் தெரிந்தது.

"நான்தாங்க. பேச்சுவாக்குல சொல்லிப்புட்டேன்."

"நீங்களும் அந்தத் தண்ணியக் குடிக்கிற ஆளுதானே அண்ணே?"

அவர் கூடையின் பிடியைச் சரிசெய்தார். நான் சித்தியின் பக்கத்தில், முழங்கால் உரச அமர்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் போதும். முதலாளி முன்னிலையில் அப்பாவைப் பொய்யராக்கக் கூடாதென்று பேசாமல் இருந்தேனா, பெண்களின் பார்வை என் பக்கம் திரும்புவதை அஞ்சினேனா? துல்லியமாகப் பிரித்தறியப் பலமுறை முயன்றிருக்கிறேன். முடியவில்லை.

சபையில் எங்கள் உறுப்பினரும் கையுயர்த்த, "பரீட்சார்த்தமாக" அந்த இடம் அங்கீகரிக்கப்பட்டது. லொறி ஏறுவதற்குப் பாதை வெட்டுகிறார்கள். மேல் பீலியில் அப்பா நின்றால் பெண்கள் குடத்தோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு மட்டும் வழிவிடுகிறார்கள்.

நேற்று மாலை சித்தியும் இன்னும் மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். நுவரெலியா கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, ஒரு மேன்முறையீடு எழுத வேண்டுமாம்.

"ஒங்கப்பா வர்றதுக்குள்ள முடிச்சிரும்மா. அவருக்குத் தெரிய வேணாம்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை. லயத்து அறையின் தடுப்புப் பலகைக்கு அப்பால்தான் படுத்திருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். "டவுன் வரைக்கும் போயிட்டு வர்றேன்" என்றார், எவரையும் பார்க்காமல். அந்நேரத்தில் டவுனுக்கு பஸ் கிடையாது.

அவர் படியிறங்கும் ஓசை ஓயும்வரை பெண்கள் காத்திருந்தார்கள். பிறகு சித்தி பாயை எனக்கருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மொதல்ல அந்தக் கீழ்ப் பீலி சங்கதி எழுதியிருந்தாங்கள்ல, அதுக்கு ஒரு பதில் போடு. விடாத."

என் வாக்கியத்தை மறுக்கும் வாக்கியத்தை நான் எழுதத் தொடங்கினேன். அதுவும் நன்றாகவே வந்தது.