எடை மேடையில் அறுபத்தைந்து கிலோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, காத்து கருப்பு என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். செம்மங்குப்பம் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருக்கிறேன். பிரஷர் கேஜ், டெம்பரேச்சர் சென்சார், டிரம் வைத்து நிறுக்கிற தராசு, இதெல்லாம் காட்டுவது நிஜமா பொய்யா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மீட்டர் தப்பாகக் காட்டினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். ஒயர் அறுந்திருக்கும், தண்ணீர் இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் எலி கடித்திருக்கும். காரணமே கிடைக்காத மீட்டரை நான் முதல்முதலாகப் பார்த்தது பட்டப்பகலில், மத்தியான வெயிலில். இதைச் சொன்னால் நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள், தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு இப்போதெல்லாம் யார் சிரித்தாலும் உறைப்பதில்லை.

தினேஷ் என் மனைவி சுகன்யாவின் தம்பி. சிதம்பரத்தில் ஒரு டூவீலர் சர்வீஸ் சென்டரில் மெக்கானிக்காக இருந்தான். எனக்கும் அவனுக்கும் பொதுவாக இருந்தது ஒரு பைத்தியம்தான், கார் பைத்தியம். ஸ்போர்ட்ஸ் கார் வாங்க எங்கள் இரண்டு பேருக்கும் வக்கு இல்லை, அதனால் ஒன்றைக் கட்டிவிடுவது என்று முடிவெடுத்தோம். யாரோ இடித்து ஓரம்கட்டியிருந்த ஒரு பழைய சின்னக் காரை இழுத்து வந்து, சிதம்பரத்தில் மாமனார் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்டில் போட்டோம். டர்போ என்றால் வேறொன்றுமில்லை, வீணாகப் போகிற சைலன்ஸர் புகையை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி ஏற்றுவது. அதைச் சென்னையில் பழைய பார்ட்ஸ் விற்கிற தெருவில் தேடி எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் கடலூரிலிருந்து பஸ் ஏறிவிடுவேன், சுகன்யா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், எங்கள் வீட்டில் அது வாராவாரம் நடக்கிற பூசை.

எங்களுக்கு வேண்டியிருந்தது டைம் அட்டாக். பத்துப் பதினைந்து வண்டி முட்டி மோதி ஓடுகிற ரேஸ் கிடையாது அது. டிராக்கில் நீ மட்டும், எதிரில் ஒரு கடிகாரம், ஒரு சுற்றை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறாய் என்பதுதான் கணக்கு. எங்களை மாதிரி சொந்தக் காசில் கட்டுகிறவர்களுக்கும் சென்னைப் பக்கம் ஒரு டிராக்கில் அவ்வப்போது ஒரு நாள் ஒதுக்குவார்கள். ஓட்டப்போவது தினேஷ் என்று முதல் நாளே பேசி முடித்தாயிற்று. நான் தொந்தியும் தொப்பையுமாக இருப்பேன், அவன் ஒல்லி, எவ்வளவு தின்றாலும் அறுபத்தைந்து கிலோவுக்கு மேல் ஏறமாட்டான். இந்த விளையாட்டில் எடைதான் எதிரி. அதனால் பின் சீட்டைக் கழற்றினோம், தரைவிரிப்பைக் கிழித்தோம், ஏசியைப் பிடுங்கினோம், பக்கத்து சீட்டும் போயிற்று, கடைசியில் ஓட்டுகிறவன் உட்கார ஒரே ஒரு சீட்டும் அவனைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூண்டும்தான் மிஞ்சின.

ஒவ்வொன்றையும் கழற்றியதும் எடை பார்க்க வேண்டுமே. பி.முட்லூர் தாண்டி மெயின் ரோட்டில் ஒரு எடை மேடை இருக்கிறது, கரும்பு லாரி, செங்கல் டிராக்டர் எல்லாம் ஏறி நிற்குமே, அது. நடத்துகிற பாய்க்கு நான் ஒரு தடவை மெஷினைச் சரிபார்த்துக் கொடுத்திருந்தேன், அந்த நன்றிக்கு எங்கள் காரைச் சும்மா நிறுத்துக் கொடுப்பார். முதலில் வெறும் வண்டி, பிறகு ஓட்டுகிறவனோடு, இப்படி இரண்டு தடவை பார்ப்பது எங்கள் வழக்கம். நான் காரை ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கி, ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறி உக்காரு மச்சான்" என்பேன். அவன் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகிறவன் மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறுவான். பாய் கேபினுக்குள் இருந்து சிரிப்பார்.

டிசம்பரில் வண்டி முடிந்தது. கிள்ளை ரோட்டில் விடியற்காலையில் ஆளில்லாத நேரத்தில் ஒரே ஒரு தடவை ஓட்டினான். டர்போ பிடித்து வண்டி முன்னால் பாய்ந்தபோது அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, என் கல்யாணத்தில் நான்கூட அப்படிச் சிரிக்கவில்லை. பிப்ரவரியில் டிராக் நாள், பேர் கொடுத்தாயிற்று. ஜனவரியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது.

டெங்கு. நாலைந்து நாளில் முடிந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், அந்தக் காரில் கூண்டு இருந்தது, ஐந்து பக்கம் பிடிக்கிற பெல்ட் இருந்தது, தீயணைக்க சிலிண்டர் இருந்தது, நல்ல ஹெல்மெட் இருந்தது. அவன் உயிருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். கடைசியில் கொசு. எனக்கு இன்றைக்கும் வாயெல்லாம் கசக்கிறது.

சாவு வீட்டில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஷெட்டைச் சுற்றித் தண்ணீர் நின்றதாம், அங்கேயே படுத்துக் கிடந்ததால்தான் கடித்ததாம், அந்தக் காரை இழுத்து வந்த நேரமே சரியில்லையாம். ஒருத்தரும் என்னை நேரே திட்டவில்லை, காரைத் திட்டினார்கள், திட்டும்போது என்னைப் பார்த்துக்கொண்டார்கள். இதற்கு நடுவில் எங்களை மாதிரி கார் கட்டுகிற ஒருவன் மாலையோடு வந்தான், போட்டான், கொஞ்ச நேரம் நின்றான், பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு அந்த டர்போவை விற்கிற யோசனை இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டான். பிணம் இன்னும் எடுக்கவில்லை. மனிதர்களைப் பற்றி எனக்கு இருந்த மிச்சம் மீதி மரியாதையும் அன்றோடு சரி.

எங்கள் பக்கம் சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்ட்டு வரேன் என்று சொல்லக்கூடாது, பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். அதேபோலப் பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை செத்தவரை வா என்றோ உட்கார் என்றோ வாய்தவறிக்கூடச் சொல்லக்கூடாது என்று சுகன்யாவின் சித்தி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வேறு கவலை. காரை உடனே காயலான் கடைக்குத் தள்ளிவிடுவதாக மாமனார் சொல்லிவிட்டார். நான் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். பிப்ரவரியில் ஒரே ஒரு சுற்று, அவன் பேரில் நான் ஓட்டிவிட்டு வந்துவிடுகிறேன், அப்புறம் உங்கள் இஷ்டம் என்றேன். அவர் சரி என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அந்த ஒரு சுற்றைத் தவிர தினேஷுக்கு நான் செய்யக்கூடியது வேறு ஒன்றும் மிச்சமில்லை.

இப்போது ஓட்டப்போவது நான் என்பதால் ஸ்பிரிங்கெல்லாம் என் எடைக்குத் தகுந்த மாதிரி மாற்ற வேண்டியிருந்தது. காரியத்துக்கு முன்னாலேயே ஒரு மத்தியானம் காரை எடுத்துக்கொண்டு எடை மேடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு கரும்பு லாரி நின்று எடை போட்டுவிட்டுப் போனது. நான் ஏற்றி நிறுத்தினேன், இறங்கினேன், கதவைத் திறந்து பிடித்தேன், என்ன நினைப்பில் இருந்தேனோ, வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"ஏறி உக்காரு மச்சான்."

சொன்ன பிறகுதான் சுரீரென்றது. அங்கேயே அழுதுவிட்டேன், அதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, மேடையை விட்டு இறங்கி கேபின் பக்கம் போனேன். பாய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"வெறும் வண்டிதான பாக்கணும்? தம்பிய எறங்கச் சொல்லுங்க," என்றார்.

தினேஷ் செத்தது அவருக்குத் தெரியாது. ரோட்டோரம் எடை மேடை வைத்திருப்பவருக்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள். கேபினிலிருந்து காருக்குள் பார்க்கவும் முடியாது, கண்ணாடி எல்லாம் வெயிலில் பளபளவென்று இருந்தது. அவர் பார்த்துச் சொன்னது மீட்டரை. நானும் பார்த்தேன். எங்கள் வெறும் வண்டியின் எடை எனக்கு மனப்பாடம். அதைவிட அறுபத்தைந்து கிலோ கூட இருந்தது.

நம்பினால் நம்புங்கள், எனக்கு முதலில் பயம் வரவில்லை, வேலைப் புத்திதான் வந்தது. மெஷின் தப்பு என்றுதான் நினைத்தேன். காரைக் கையால் தள்ளிக் கீழே இறக்கினேன், மீட்டர் சுத்தமாகப் பூஜ்யம் காட்டியது. மேடைக்கு அடியில் கல்லோ கட்டையோ மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. பின்னால் ஒரு செங்கல் டிராக்டர் காத்திருந்தது, அதை முதலில் ஏற்றச் சொன்னேன். தினமும் வருகிற வண்டி, வழக்கமான எடைதான் என்று பாய் சொன்னார். டிக்கியைத் திறந்தேன், காலி. திரும்பக் காரைத் தள்ளி ஏற்றினேன். அதே அறுபத்தைந்து. அப்போதுதான் இன்னொன்றையும் பார்த்தேன், கார் வலது பக்கம் இலேசாக அமுங்கியிருந்தது, ஓட்டுகிறவன் உட்கார்ந்தால் அமுங்குமே, அந்த மாதிரி.

பாய் கேபினை விட்டு வெளியே வந்து காருக்குள் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி எங்க?" என்றார்.

நான் சொன்னேன். அவர் உதட்டுக்குள் ஏதோ ஓதினார். பிறகு, எறங்கச் சொல்லி அனுப்பிடுங்க, கூப்புட்டது நீங்கதான என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆனால் சொல்லவில்லை. அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது என்று நிஜத்தைச் சொல்லட்டுமா? சந்தோஷமாக இருந்தது. இருக்கட்டும், உட்கார்ந்தே வரட்டும், பிப்ரவரியில் டிராக்குக்கு இவனையும் கூட்டிக்கொண்டே போய் அந்த ஒரு சுற்றை முடித்து அங்கேயே இறக்கிவிடுவோம் என்று நினைத்தேன். அவன் உட்கார்ந்திருந்த சீட்டில் நான் எப்படி ஏறி உட்கார்ந்து ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். சிதம்பரம் வரை மெதுவாக ஓட்டினேன், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகிற மாதிரி.

துக்கம் கழிவதற்குள் மருமகன் காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறான் என்று யாரோ மாமனார் காதில் போட்டுவிட்டார்கள். நல்லது செய்ய ஆள் கிடைக்காத ஊரில் இதற்கு மட்டும் கிடைத்துவிடுகிறார்கள். மறுநாள் வேலை முடிந்து சிதம்பரம் போனபோது ஷெட்டில் கேஸ் கட்டர் வாசனை அடித்தது. கார் நாலு துண்டாகக் கிடந்தது. கூண்டைக்கூட விடவில்லை. காயலான் கடை ஆட்கள் ஒவ்வொன்றாகத் தூக்கி மினி லாரியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி வரைக்கும் என்றுதானே பேச்சு என்று கேட்டேன். மாமனார் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எம் புள்ளைய தின்ன வண்டிய நீங்க ஓட்டுவீங்க, ஊரு கை தட்டும், நா வூட்ல ஒக்காந்து பாக்கணுமா மாப்ள?" என்றார்.

பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் சண்டை போட முடியுமா. அந்த டர்போ மட்டும் துண்டுகளில் காணோம், மாலையோடு வந்தவன் முந்திக்கொண்டிருந்தான். நான் லாரிக்குப் பின்னாலேயே பைக்கில் போனேன். அவர்களும் எடை போட அதே பாயிடம்தான் போனார்கள். லாரியின் எடையைக் கழித்து, டர்போவையும் கழித்து நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. வெறும் இரும்பு, அவ்வளவுதான், யாரும் இல்லை. பாய் நிம்மதியாக மூச்சுவிட்டார், போய்ட்டாரு, விடுங்க என்றார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வாரம் கம்பெனியில் டிரம் தராசைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. எடைக்கல் வைத்துப் பார்த்தேன், துல்லியமாக இருந்தது. அதை முடித்துவிட்டுக் கடைசியில் நானே ஏறி நின்று பார்ப்பது என் வழக்கம். ஏறினேன்.

தினேஷ் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை. தொந்தி கரைந்துவிட்டது, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுத்தான் மாட்டுகிறேன், பார்க்கிறவர்கள் எல்லாம் சுகர் டெஸ்ட் பண்ணிப் பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் இளைத்த உடம்பு எவ்வளவு இருக்க வேண்டுமோ, அதைவிடத் தராசு கூடக் காட்டுகிறது. எவ்வளவு என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். வேறு தராசிலும் பார்த்துவிட்டேன், மெடிக்கல் கடையில், ரயில்வே ஸ்டேஷனில், எல்லாம் ஒன்றையே சொல்கின்றன. பைக்கில் சுகன்யா பின்னால் உட்கார்ந்தால், ஏன் வண்டி இப்படித் திணறுகிறது, மெக்கானிக்கிடம் காட்டேன் என்கிறாள். அவளிடம் என்னவென்று சொல்வது, அவள் தம்பி ஆயிற்றே.

பாய் சொன்னது ஞாபகம் இருக்கிறது. எறங்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாக இருக்கலாம். பலமுறை தராசில் நின்றுகொண்டு சொல்லப் பார்த்தேன், வாய் வரவில்லை. காரையும் வெட்டியாயிற்று, ஒரு சுற்றும் ஓடவில்லை, அவனை நான் எங்கே இறங்கச் சொல்வேன்.