குழாய்த் தாள்

என் அக்கா புருஷனுக்கு வழி தெரியாத தெருவே உலகத்தில் கிடையாது. அதனால்தான் அவரோடு நான் எங்கும் போவதில்லை. யாராவது நிறுத்தி, தபால் நிலையம் எங்கே என்று கேட்டால் மனிதர் ஒரு நொடி யோசிக்க மாட்டார். "நேராப் போயி இடது பக்கம் திரும்புங்க" என்பார். அங்கே போனால் கல்லறை இருக்கும். "தெரியாது" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டதில்லை. அவளுக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம்.

இந்தக் குணத்தை வைத்தே பிழைப்பும் நடத்தினார். பல்கலைக்கழகத்தில் தேர்தல் ஆராய்ச்சி. ஜனங்கள் எதற்காக ஓட்டுப் போடுகிறார்கள், எந்தப் பிரசாரத்துக்கு மசிகிறார்கள் என்று வீடு வீடாக ஆள் அனுப்பிக் கேட்டு எழுதுவார். நான் அச்சகக்காரன். அவருடைய கேள்வித்தாள் எல்லாம் என் மெஷினில்தான் ஓடும். மற்றவர்களின் கேள்வித்தாளில் கடைசியாக "தெரியாது" என்று ஒரு கட்டம் இருக்கும். அத்தானின் தாளில் இருக்காது.

"பாவம் அத்தான், தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க?"

"தெரியாதவன்னு எவனும் கிடையாது மச்சான். எல்லாம் சோம்பேறித்தனம். கட்டம் இல்லேன்னா தன்னால யோசிப்பான்."

இத்தனை தெரிந்தவருக்குப் பேராசிரியர் பதவி மட்டும் பிடிகொடுக்கவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் முதல் நேர்காணலுக்குக் கிளம்பும்போதே, "கெடச்சாச்சுன்னு வெச்சுக்கோ" என்று சொல்லி, பேராசிரியர் என்று போட்டு ஐந்நூறு விசிட்டிங் கார்டு அடிக்கச் சொன்னார். நான் ஒரு மடையன், அடித்தேன். கிடைக்கவில்லை. அதன் பிறகு இரண்டு தடவை போனார், அதே கதை. கார்டுப் பெட்டி என் அலமாரியில் கிடந்தது. பின்பக்கத்தில் போன் நம்பர் குறித்துக்கொள்வேன். இந்த வருடம் நான்காவது தடவை. அடுத்த வருடம் ஓய்வு. இதை விட்டால் அவ்வளவுதான்.

இந்தத் தடவை பெரிதாக ஒன்று செய்துகாட்டத் தீர்மானித்தார். தேர்தலுக்கு முன்னால் சில தெருக்களுக்கு வயிற்றைக் கலக்குகிற மாதிரி ஒரு துண்டுத்தாள்: "இப்போது வீட்டில் இருந்தால் அப்புறம் அழ வேண்டியதுதான், வந்து ஓட்டுப் போடுங்கள்!" வேறு சில தெருக்களுக்கு ஆசை காட்டுகிற தாள். மூன்றாவது, தேர்தலைப் பற்றி மூச்சே விடாத வெறும் தாள். முதல் இரண்டுக்கும் எத்தனை பேர் அசைந்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டுமாம். அதற்கு என்ன எழுதுவது என்று அக்காவின் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். ஆறு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாயைப் படம் பிடித்தார். "குழாய் சொட்டுகிறதா? உடனே சரிசெய்யுங்கள்" என்று எழுதிவிட்டார்.

"படம் எடுக்கத் தெரியுது. சரி பண்ண எப்பத்தான் வருவீங்க?" என்றாள் அக்கா.

"நாளைக்கு" என்றார். ஆறு வருடமாக அதே நாளைக்குத்தான்.

சட்டப்படி தாளின் அடியில் அச்சகத்தின் விலாசம் போட வேண்டும். போட்டேன். வந்தது வினை! தாள் வீடு வீடாகப் போன மறுநாள் காலையில் ரொட்டிக்கடைக்காரர் என் வாசலில் நிற்கிறார்.

"குழாய் சின்னத்துல நிக்கிறவரு இங்கதான் இருக்காரா? எங்க வீட்டுக் குழாயப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தனும் கேட்டதில்லீங்க."

அந்த வாரம் முழுக்க ஆள் மேல் ஆள். ஒரு அம்மா குழாயையே கழற்றிக் கையோடு கொண்டுவந்துவிட்டார். என் மேஜையெல்லாம் தண்ணீர். எனக்கு வந்த கோபத்தில் அத்தானை இரண்டு நாள் போனில் திட்டித் தீர்த்தேன்.

தேர்தல் முடிந்து, யார் யார் ஓட்டுப் போட்டார்கள் என்ற பட்டியல் வந்தது. பயமுறுத்திய தாள் பெற்ற தெருக்கள் அசையவில்லை. ஆசை காட்டிய தாளுக்கும் பட்டை நாமம். குழாய்த் தாள் போன தெருக்களில் மட்டும் ஜனங்கள் திமுதிமுவென்று போய் ஓட்டுப் போட்டிருந்தார்கள். குழாய் சின்னம் இல்லை என்று வாக்குச்சாவடியில் சண்டை வேறு.

ஏன் போனீர்கள் என்று கேட்க அத்தான் மறுபடி ஆள் அனுப்பினார். ஒருவர் புதுச் செருப்பு வாங்கியதால் நடந்து பார்த்தேன் என்றார். இன்னொருவர் மாமியார் வந்திருந்ததால் வெளியே கிளம்பினேன் என்றார். தெரியாது என்று சொல்லக் கட்டம் இல்லையே, வாயில் வந்ததைச் சொல்லியிருந்தார்கள்.

அத்தான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்கே பாவமாகிவிட்டது.

"கணக்குல அந்தக் குழாய் வரிசையை மட்டும் எடுத்துடுங்களேன், யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் அக்கா, கண் கலங்கி.

"எனக்குத் தெரியுமே" என்றார்.

நேர்காணலன்று நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. தலைமை தாங்கிய அம்மையார் கேட்டார்: "வெறும் தாளைப் பாத்துட்டு ஏன் சார் அத்தனை பேர் ஓட்டுப் போட வந்தாங்க?"

கதை விடப்போகிறார், அளந்து கொட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"தெரியாதுங்க" என்றார் அத்தான்.

நான் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டேன்.

"சத்தியமா தெரியாது. இருபத்தெட்டு வருஷமா தெரிஞ்ச மாதிரியே எழுதிட்டேன். ஆனா இதை மட்டும் கண்டுபிடிக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கு."

பத்தாம் நாள் கடிதம் வந்தது. பேராசிரியர்! தனக்குப் பாதகமான முடிவை மறைக்காமல் கொண்டுவந்தவர் என்று எழுதியிருந்தார்கள். அலமாரியிலிருந்த கார்டுப் பெட்டியைத் தட்டித் துடைத்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். முதல் கார்டை அக்காவிடம் நீட்டினார். பின்னால் என் காகித வியாபாரியின் நம்பர் இருந்தது.

அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி பேராசிரியரே, இந்தக் குழாய எப்ப சரி பண்ணப் போறீங்க?" என்றாள்.

"தெரியாது" என்றார் அத்தான், வாயெல்லாம் பல்லாக.

அக்கா கார்டையே பார்த்துக்கொண்டு சிரிசிரி என்று சிரித்தாள். பிறகு உள்ளே போய் ஸ்பானரை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.