மச்சானை மறிக்காத ஆட்டக்காரன்

முழங்கால் கெட்டுப்போன பிறகு கூடைப்பந்து ஆட என்னை யாரும் கூப்பிடவில்லை. அதுவரை அந்தப் பந்தால்தான் பிழைப்பு நடந்தது. மட்டக்களப்பில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படிப்பைப் பாதியில் விட்டேன், பந்தை விடவில்லை. திருகோணமலையில் துறைமுக அணி, கொழும்பில் ஒரு கம்பனி அணி, இன்னும் சில. ஆடுவதற்காக ஒரு காவல் வேலையோ மூட்டை ஏற்றும் வேலையோ தருவார்கள். அணி தோற்கத் தொடங்கினால் வேலையும் போகும். ஸ்டேஷன் வாங்குப் பலகையிலும் படுத்திருக்கிறேன். அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கல்முனையில் நெல் ஆலை முதலாளி ஒருவர் கூடைப்பந்துக் கழகம் தொடங்கி, சம்பளத்துக்குப் பழக்குகிற ஆளைத் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு வந்தேன். சின்ன வயதில் நான் விட்டுப்போன ஊர். முதலாளி என் காலைப் பார்த்தார். சாய்ந்தமருது அணியோடு ஓர் ஆட்டம் இருக்கிறது, அதில் பொடியன்கள் உருப்படியாக ஆடினால் நீ இருக்கலாம், இல்லாவிட்டால் பஸ் ஏறலாம் என்றார். எனக்குப் பஸ் ஏறிப்போக வேறு இடம் இருக்கவில்லை.

பின்னேரம் அசர் தொழுகைக்கும், பொழுதுபட்டதும் வரும் மஃரிப் தொழுகைக்கும் இடையில் பழகினோம். மருதமுனை நெசவுக்காரன் ஒருவன் எனக்குக் கிடைத்தான். எதிராளி எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னால் நிற்பான். சாய்ந்தமருது அணியில் கூடை தவறாமல் எறிகிற நெட்டையன் ஒருவன் இருந்தான். அவனை மறிக்க நெசவுக்காரனைத்தான் வைத்தேன்.

ஆட்டம் தொடங்கியதும் நெட்டையன் சும்மா நடந்துபோய்க் கூடை போட்டான். நெசவுக்காரன் ஒதுங்கி நின்றான். ஒருமுறை நெட்டையனின் கையிலிருந்து பந்து நழுவியது. இவன் அதை எடுத்து அவனிடமே கொடுத்தான். "சோத்தயும் போட்டு உடு மனே," என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று எனக்கு மட்டும் விளங்கவில்லை.

இடைவேளையில் அவனைப் பிடித்து ஏசினேன். அவன் தலை குனிந்தபடி சொன்னான்:

"அவர் என்ட ராத்தாட மாப்பிள்ள, மாஸ்டர். கலியாணம் முடிச்சு இப்பதான் எங்கட ஊட்ட வந்திருக்கார். நான் இடிச்சு அவர் உழுந்தா, ராத்தாட முகத்துல எப்பிடி முழிக்கிற?"

அவனுடைய அக்காவின் புருஷன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவது. புது மாப்பிள்ளை உட்கார்ந்த பிறகே மற்றவர்களுக்குச் சாப்பாடு. ஊர் ஊராகத் திரிந்ததில் நான் இதை நினைக்கவேயில்லை. முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "ஊருக்கே தெரியும்தானே," என்றான்.

அணியில் பாண்டிருப்புத் தமிழ்ப் பொடியன் ஒருவன் இருந்தான், தபால்காரன். தண்ணீர் குடித்துக்கொண்டே, "எனக்கு அவர் ஒரு முறையும் இல்ல, மாஸ்டர். நான் அவரப் பாத்துக்கிறன்," என்றான். இருவரையும் இடம் மாற்றினேன்.

இரண்டாம் பாதியில் நெட்டையனால் திரும்பக்கூட முடியவில்லை. நெசவுக்காரன் வேறொருவனை மறித்த மறிப்பில் அந்த ஆளுக்குப் பந்தே போகவில்லை. கூட்டம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கத்தியது. ஆனாலும் முதல் பாதியில் விட்டது அதிகம். ஒரு கூடையால் தோற்றோம்.

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் பஸ்ஸைப் பற்றிக் கேட்கத் தயாராக நின்றேன்.

"தோத்தது தோத்ததுதான்," என்றார். "ஆனா பின்பாதி ஆட்டத்த நானும் பாத்த. நாளைக்கு அசருக்குப் பொறகு வாங்க. மாதச் சம்பளம்தான்."

ஓம் என்றேன். அவர் போனதும் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் பந்தை எடுக்குமுன் ஒவ்வொருவனிடமும் அவன் வீட்டு மாப்பிள்ளைமார் யார், எந்த ஊர், அவர்கள் பந்து ஆடுகிறவர்களா என்று கேட்டேன். ஒருவன் சொன்னதை மற்றவன் திருத்தினான். மச்சான், மச்சானின் தம்பி என்று பேச்சு நீண்டு, சிரிப்பும் நக்கலுமாக இருக்கும்போதே மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். அன்று பந்தை ஒருவரும் தொடவில்லை. அதற்கும் எனக்குச் சம்பளம் உண்டு என்பதை நினைத்துக்கொண்டே, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழுச் செய்யப் போனேன்.