சென்சியின் காளானும் கறிக்கடை மிளகும்

பவேரியக் காட்டோரத்து அந்தச் சிற்றூரில் சென்சியை நம்பவைப்பது லேசுப்பட்ட காரியமல்ல. செர்னோபில் அணு உலை வெடித்த வருடம் அவள் கைக்குழந்தைக்காரி. வானொலியில் ஒருவர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். அடுத்தவர் குழந்தைக்குப் புதுப்பால் கொடுக்காதீர்கள் என்றார். தோட்டத்துக் கீரையைப் பிடுங்கிக் குழியில் போட்டு மூடினாள். அதற்கப்புறம் கடையில் எந்தப் பொட்டலத்தையும் எழுத்தெழுத்தாகப் படிக்காமல் வாங்கியதில்லை.

அப்படிப்பட்டவள் கண்ணில் கறிக்கடை அலோயிஸின் பின்கட்டில் கிடந்த மிளகுப் பெட்டி பட்டது. ‘கதிர்வீச்சால் பதப்படுத்தியது’ என்று அதில் போட்டிருந்தது.

“என்னடா அலோயிஸ், இதைத்தான் சாசேஜ்ல போட்டுத் தர்றியா?”

“கிருமி சாகத்தான் சென்சி அப்படிப் பண்றாங்க. எக்ஸ்ரே எடுத்துட்டு வந்து நீ என்ன இருட்டுல மின்னவா செய்யறே?”

“மின்னுனா தெரிஞ்சுடுமே. சரி, வெளியில எழுதிப் போட்டியா?”

அலோயிஸ் பெட்டியைக் காலால் மூலைக்குத் தள்ளினான்.

ஞாயிறு பூசை முடிவதற்குள் விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. பெட்டியைத் திருப்பி அனுப்பியும் கடையில் ஈ ஓட்டினான் அலோயிஸ்.

இலையுதிர் காலத்தில் சென்சி கூடை நிறையக் காட்டுக் காளானோடு வருவதைப் பார்த்தவன் வழிமறித்தான்.

“செர்னோபில் மழை இந்தக் காட்டுலயும்தான் பெஞ்சுது. அளந்து பாத்தியா?”

“அது பெஞ்சு எத்தனை காலமாச்சு! எல்லாம் கழுவிப் போயிருக்கும்.”

“அப்போ பயமில்லாம வா.”

வேட்டைக்காரர்கள் காட்டுப்பன்றிக் கறியில் கதிர்வீச்சு இருக்கிறதா என்று சோதிக்கும் கருவி அவன் கடையில்தான் இருந்தது. பெட்டியைத் திருப்பி அனுப்புமுன் எடுத்துவைத்திருந்த ஒரு பிடி மிளகை முதலில் வைத்தான், ஒன்றுமே காட்டவில்லை. காளானை வைத்ததும் முள் ஏறிக்கொண்டே போனது. விற்பனைக்கு அனுமதித்த அளவைத் தாண்டித்தான் நின்றது.

“இந்த மெஷின் யாரோடது?” என்று கேட்டாள் சென்சி.

“வேட்டைக்காரங்களோடது.”

“உன் சாசேஜைத் தின்னு வளந்தவங்கதானே!”

கூடையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். மறுநாள் கர்ப்பிணியான மகள் விருந்துக்கு வந்தாள். எல்லாருக்கும் காளான் குழம்பு; மகள் தட்டில் மட்டும் வெறும் ரொட்டியும் வெண்ணெயும்.

“எனக்கு ஏம்மா இல்ல?”

“புழு இருந்துச்சு.”

“அப்போ உங்களுக்கு?”

“பேசாமச் சாப்பிடு.”

அடுத்த வாரம் அலோயிஸ் எந்தெந்த மசாலா எப்படிப் பதப்படுத்தியது என்று பலகையில் எழுதி வைத்தான். அதை வாசித்துவிட்டுச் சிலர் திரும்பி வந்தார்கள். சென்சியும் வந்தாள், கடைசியாக. பலகையை இரண்டு தடவை படித்தாள்.

“எழுதாம விட்டது ஏதாவது இருக்கா?”

“இல்ல சென்சி.”

அவன் முகத்தை உற்றுப் பார்த்தவள், “சாசேஜ் ரெண்டே ரெண்டு குடு” என்றாள்.