ஒஸ்லாவின் கை சும்மா இருக்காது

தொலைக்காட்சியில் யாராவது பின்னினால் ஒஸ்லாவுக்குப் பொறுக்காது. ஷெட்லாந்து தீவில் மீன் ஆலை வேலைக்குப் போய்வரும் படகிலேயே ஸ்வெட்டர் பின்னி முடிப்பவள் அவள். இடுப்பில் தோல் பட்டை, அதன் துளையில் செருகிய ஊசி. ஊரே அப்படித்தான் பின்னும். திரையில் நடிகைகளோ இரண்டு ஊசிகளைக் கரண்டி மாதிரி பிடித்துக் கிண்டுவார்கள். "பட்டை எங்கடி?" என்று முப்பது வருடமாகப் பெட்டியைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள்.

தீவில் எடுக்கும் தொடருக்குப் பின்னத் தெரிந்த கை வேண்டும் என்றதும் முதல் ஆளாகப் போய் நின்றாள். கதாநாயகி, திரும்பி வராத படகுக்காகக் காத்திருக்கும் மீனவன் மனைவி. முகம் நடிகையுடையது, விரல்கள் ஒஸ்லாவுடையவை. அந்தப் பட்டை ஒருமுறையாவது திரையில் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

நடுவில் மழை பிடித்துக்கொண்டது. படப்பிடிப்பு ஒன்றரை மணி நேரம் நின்றது. மறுபடி கேமரா வைத்தபோது, ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொள்ளும் ஹேசல் அலறினாள்.

"ஐயோ! ஸ்வெட்டர் கை எப்படி நாலு விரக்கடை நீண்டுச்சு?"

"மழை பெஞ்சுதே... அதான் கொஞ்சம் பின்னினேன்."

"யாரும்மா உங்களைப் பின்னச் சொன்னது? டைரக்டர் சார், இவங்க வேண்டாம். நடிக்கிற பொண்ணே ஊசியைச் சும்மா ஆட்டட்டும்."

"இருங்க," என்றாள் ஒஸ்லா. "இருபத்தாறு வரிசைதான். இதோ பிரிச்சிடறேன்." ஊசிகளை உருவிப் போட்டுவிட்டு நூலை இழுத்தாள். நீலமும் வெள்ளையும் மடியில் சுருள் சுருளாக விழுந்தன. இருபத்தாறாவது வரிசையில் நிறுத்தி, ஒரு கண்ணி நழுவாமல் ஊசியில் ஏற்றினாள். நிமிர்ந்தால், கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"படகு வராதுன்னு தெரிஞ்சவ இப்படித்தான் பிரிப்பா. இதையே வச்சுக்கலாம், பின்னுறது வேண்டாம்," என்றார் இயக்குநர்.

மார்ச்சில் தொடர் வந்தபோது ஊர்க் கூடத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். திரையில் அவள் விரல்கள் பிரித்த அந்த அரை நிமிடம் மட்டும் ஒஸ்லாவின் கை அசையவில்லை.

"முப்பது வருஷமா கத்தினே. கடைசில நீ போய்ப் பிரிச்சுட்டு வந்திருக்கியேடி!" என்றாள் பக்கத்து வீட்டு ரூபி. கூடமே சிரித்தது.

"பட்டை தெரிஞ்சுதா, இல்லியா?"

"தெரிஞ்சுது, தெரிஞ்சுது."

"அப்புறம் என்ன? தள்ளி உக்காரு, முழங்கை இடிக்குது," என்று ஒஸ்லா ஊசியை மறுபடி பட்டையில் செருகினாள்.