விண்கப்பலில் ஓர் அண்ணன்

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் விண்கப்பல் தொடர் ஓடிய அந்த வருஷத்தில், ஒரு வாரமாவது அதை நான் நிம்மதியாகப் பார்த்திருப்பேனா? இல்லை. மலாய் நாடு சுதந்திரம் வாங்கிப் பத்து வருஷம் ஆகியிருந்த சமயம். காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வரிசையிலேயே பெட்டி இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கே கூடம் நிரம்பிவிடும். தொடர் ஆங்கிலத்தில். ஆங்கிலப் பள்ளியில் படித்தவள் நான் ஒருத்தி. ஆகவே பெட்டியின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வசனத்தையெல்லாம் தமிழில் சொல்ல வேண்டியது என் தலையெழுத்து.

எனக்கு வேண்டியது நட்சத்திரங்கள். அந்தக் கப்பல் எதனால் பறக்கிறது, அந்தக் கிரகத்தில் ஏன் இரண்டு சூரியன், இதெல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். வந்தவர்களுக்கு வேண்டியது கல்யாணம். கப்பலில் எட்டுப் பேர் இருந்தார்கள். கேப்டனை யாரும் சட்டை செய்யவில்லை. வயர்லெஸ் கருவி முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணை டாக்டருக்குக் கொடுப்பதா, இயந்திர அறைப் பையனுக்குக் கொடுப்பதா என்பதுதான் வாரம் முழுக்கப் பேச்சு. அங்கே ஒரு கிரகமே வெடித்துச் சிதறிக்கொண்டிருக்கும். எதிர்வீட்டு அக்கா என் தோளைத் தட்டுவார்.

"அது கெடக்கட்டும்லா. அந்தப் பொண்ணு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு? டாக்டர் என்னா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலக்கா. ஆக்ஸிஜன் தீந்துபோச்சாம், எல்லாரும் சாகப்போறாங்களாம்."

"அதுக்கு முன்னால ஒரு முடிவு சொல்லக் கூடாதா?"

முன்வரிசையில் கம்போங் செட்டி என்ற பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஓர் அம்மாள் வந்து உட்காருவார். அவருக்குத் தமிழும் வராது, ஆங்கிலமும் வராது. வீட்டில் பேசுவது மலாய்தான். என் மொழிபெயர்ப்பு அவருக்கு எதற்கு? வெற்றிலையை மென்றுகொண்டு முகங்களை மட்டும் பார்ப்பார். முடிந்ததும் வாராவாரம் ஒரே கேள்வி: "பீலா காவின்?" எப்போது கல்யாணம் என்று! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு சனிக்கிழமை கப்பல் வால்நட்சத்திரத்துக்குள் நுழைகிறது. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். அப்போது பார்த்து எதிர்வீட்டு அக்கா, "அந்தப் பொண்ணு டாக்டரை என்னா முறை வச்சுக் கூப்பிடுது?" என்றார். அவள் அவரை "டாக்டர்" என்றுதான் கூப்பிட்டாள். எரிச்சலில், "அண்ணன்னு கூப்பிடுதுக்கா" என்று சொல்லித் தொலைத்தேன். டாக்டர் கட்சி அன்றைக்கே கலைந்தது. அண்ணனை எப்படிக் கட்டிவைப்பது? அப்பாடா, இனிமேல் வால்நட்சத்திரத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மடச்சி நான்!

என் வீட்டிலேயே ஓர் அண்ணன் கதை இருந்தது. வானொலி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தவர் ஒருவர்தான் எங்கள் கூரையில் ஏரியல் கட்டினார். அம்மாவும் அவருமாகப் பக்கத்துத் தெருவில் இருந்தார்கள், கூடப்பிறந்தவர் யாருமில்லை. காற்றடித்தால் ஏரியல் திரும்பிக்கொள்ளும். சனிக்கிழமை தவறாமல் வந்து வெளியே நின்று கம்பத்தைத் திருப்புவார். சன்னல் வழியாக "இப்ப தெரியுதா?" என்பார். "இன்னும் கொஞ்சம் அண்ணே" என்பேன். முதல் நாளே என் அம்மா சொல்லிவிட்டார்: "வயசுப் பையன் வந்து போற வீடு. அண்ணன்னு கூப்பிடு. பாக்குறவங்க தப்பா நெனைக்க மாட்டாங்க."

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. ஒரு நாள் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "என்னை அண்ணேன்னு கூப்பிடாம இருக்க முடியுமா?"

"சனிக்கிழமை பாருங்க" என்றேன். எல்லார் முன்னாலும் அந்தச் சொல்லை விட்டுவிடுவது, அம்மா கேட்டால் கேட்கட்டும் என்று முடிவு செய்துகொண்டேன். வாரம் முழுக்கக் கண்ணாடி முன்னால் "தெரியுதுங்க, தெரியுதுங்க" என்று சொல்லிப் பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை பார்த்துத்தானா டாக்டர் அந்த வயர்லெஸ் பெண்ணைக் கட்டிப்பிடிக்க வேண்டும்!

படம் ஒரு துள்ளுத் துள்ளியது. முத்தத்தைத் தணிக்கையில் வெட்டியிருக்கிறார்கள். வெட்டியதால் எல்லாரும் இன்னும் மோசமாக நினைத்துக்கொண்டார்கள். "அடக் கண்றாவியே!" என்று எதிர்வீட்டு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வாய் நெறைய அண்ணேன்னு கூப்பிட்டுட்டு, இது என்னாடி கருமம்?" என்று அம்மா என்னைப் பார்த்துக் கத்தினார். நானா கட்டிப்பிடித்தேன்?

"அது சும்மா மரியாதைக்குக் கூப்பிட்டதும்மா. அவங்க என்ன கூடப்பிறந்தவங்களா?"

"மரியாதையாவது மண்ணாவது. அண்ணன்னு கூப்பிட்டா அண்ணன்தான்!"

கூடத்தில் ஒரே ஒருவர் மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தார். கம்போங் செட்டி அம்மாள். அவருக்கு அண்ணனும் தெரியாது, முறையும் தெரியாது; இரண்டு பேர் முகத்தைத்தான் இத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டி முடித்து என்னைக் காட்டினார். அடுத்து சன்னலைக் காட்டினார். அங்கே அவர் ஏரியல் கம்பத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"இனி டுவா ஓராங், பீலா காவின்?"

இந்த இரண்டு பேருக்கும் எப்போது கல்யாணம்! மலாய் புரியாதவர் அந்தக் கூடத்தில் யாருமில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மறுபடியும் கத்தியிருந்தால்கூடத் தேவலை. எல்லாரும் பெட்டியை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள்.

சன்னலிலிருந்து குரல் வந்தது. "இப்ப தெரியுதா?"

படம் பளிச்சென்றுதான் இருந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

"தெரியுது அண்ணே" என்றேன்.

அவர் கம்பத்தை விட்டுவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை கடையிலிருந்து வேறு ஆளை அனுப்பினார்கள். மறு வருஷம் புக்கிட் ரம்பாயில் பெண் பார்த்து அவருக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டையும் போட அவருக்குத் தங்கை இல்லையே என்று தேடினார்கள். "ஏன், எம்மவ இல்லியா? வாய் நெறைய அண்ணேன்னு கூப்பிட்டவ" என்று அம்மா என்னை மணவறைக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

"அவுந்துடாம இறுக்கிப் போடும்மா" என்றார் எதிர்வீட்டு அக்கா.

இறுக்கித்தான் போட்டேன்.