வெள்ளிக்கிழமைகளில் காணாமல் போன வேலை

மற்றக் கம்பெனிகளின் மென்பொருள் விழாமல் காவல் காக்கிறதுதான் எங்கட தொழில். எது எதால் விழுந்தது என்று காவல்காரனுக்கே விளங்காத தொழிலும் இதுதான். என்னைப்போல ஸ்கிரீனைப் பார்த்து முழித்துக்கொண்டிருக்கும் சகோதரங்களே, இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

சாமான் எங்கே?

பாலாவிச் சந்தியில், ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் நானும் மச்சான் சஃப்ராஸும் கம்பெனி தொடங்கினோம். நாங்கள் செய்த கருவி ஒன்றே ஒன்று. ஒரு கம்பெனி தன் மென்பொருளில் புது மாற்றம் ஏற்றினால், அது ஒழுங்காக ஓடுதா என்று எங்கட கருவி பார்த்துக்கொண்டே இருக்கும். பிழைத்தால் தானாகவே பழையதைத் திரும்பவும் வைத்துவிடும்.

கட்டிடச் சொந்தக்காரர் ஹாஜியாருக்கு இதை அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். மனுஷன் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு எங்கட ரெண்டு மேசை, ரெண்டு கதிரை, ரெண்டு லெப்டொப் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் விளங்குது மகன். சாமான் எப்ப வரும்?"

மனசு நோகும்

முதல் வாடிக்கை கண்டக்குழியில் கிடைத்தது. கரையோர லொட்ஜ்களுக்கு அறை பதிவு செய்து கொடுக்கும் கம்பெனி. அதை நடத்துகிற ஃபர்சானா மிஸ் கறாரான ஆள். ஒரு மாதம் பாவித்துப் பார்ப்பார், பிடித்தால் கையெழுத்து. அந்தக் கையெழுத்தில்தான் சஃப்ராஸின் தலையெழுத்தும் இருந்தது. கட்டார் விசா வந்து கையில் கிடக்குது, மனுசிக்கு ஏழு மாதம். மிஸ் ஒத்துக்கொண்டால் ஊரில் நிற்பான், இல்லாவிட்டால் பிள்ளையின் முகத்தை வீடியோவில்தான் பார்ப்பான். 

ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து 'சரி' பட்டனை அமத்தினால்தான் கருவி மாற்றத்தை ஏற்றும். மிஸ்ஸிடம் ரெண்டு புரோகிராமர்மார், உயிர்க் கூட்டாளிகள். முதல் நாளே எத்தாளை லொட்ஜின் பெயருக்குக் கீழே கண்டக்குழி லொட்ஜின் படம் ஏறிவிட்டது. 'சரி' அமத்தியவரைப் பிடித்து, "நீங்க பாக்கல்லையா?" என்று கேட்டேன். அண்ணனிடம் சொல்லும் தம்பி மாதிரிச் சொன்னார்:

"அவன் எழுதினத நான் நோண்டிப் பாத்தா, அவன்ட மனசு நோகுமே காக்கா!"

மூன்று வெள்ளி

சனி, ஞாயிறுக்குத்தான் லொட்ஜ்களுக்கு ஆட்கள் கூடுதலாக வருவார்கள். ஆகவே அந்தக் கூட்டாளிகள் ஒவ்வொரு வெள்ளி காலையிலும் புது வேலையை ஏற்றுவார்கள். பகல் ஒரு மணிக்குப் பார்த்தால் புது வேலையைக் காணோம், பழையது ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்! பதிவுகளும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும், கருவி எதைப் பிழை என்று கண்டது என்றுதான் விளங்காது. ஒரு வெள்ளி அல்ல, மூன்று வெள்ளி. நாங்கள் அவர்களைச் சந்தேகப்பட்டோம், அவர்கள் எங்களைச் சந்தேகப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் பாலாவியிலிருந்து கண்டக்குழிக்கு ஓடினோம். சர்வரை மாற்றினோம், பாதிக் கருவியைத் திரும்ப எழுதினோம். யா அல்லாஹ், எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

கடைசியில் கண்டுபிடித்தது மிஸ்தான். மூன்றாவது வெள்ளி பன்னிரண்டே காலுக்கு, அவர் தனியாகக் கந்தோரில் இருக்கும்போது பதிவுகள் பட்டென்று நின்றுவிட்டன. ஒவ்வொரு பதிவையும் லொட்ஜ்காரர் போனில் உறுதிப்படுத்த வேண்டும். மிஸ் ஒரு லொட்ஜுக்குக் கோல் எடுக்க, லொட்ஜ்காரரின் மனுசிதான் தூக்கினார்: அவர் தொழப் பள்ளிக்குப் போயிட்டார். அடுத்த லொட்ஜிலும் அதே பதில். கால் மணித்தியாலம் ஒருவரும் உறுதிப்படுத்தாததைப் பார்த்த எங்கட கருவி, புது வேலை பிழைத்துவிட்டது என்று பழையதைத் தூக்கி வைத்துவிட்டது. இதை நாங்கள் ஏன் ஒருநாளும் காணவில்லை? அந்த நேரம் நாங்களும் பள்ளியில்!

மிஸ் சிரிக்கவே இல்லை. "தம்பி, ஜும்ஆவுக்குப் போன ஆக்கள உங்கட கருவி உசிரோட இல்ல, மவுத்தாகிட்டாங்கண்டு நெனச்சிருக்கு."

கையெழுத்து

கருவிக்கு வெள்ளிக்கிழமையைச் சொல்லிக்கொடுத்தோம். நாலாவது வெள்ளி புது வேலை ஏறியது, ஏறிய இடத்திலேயே இருந்தது. மாத முடிவில் மிஸ்ஸுக்கு முன்னால் போய் உட்கார்ந்தோம். கையெழுத்துக் கிடைக்காவிட்டால், அன்றைக்குப் பின்நேரத்துக்குள் சஃப்ராஸ் டிக்கட் போடவேண்டும்.

"இந்தக் கெழம கருவி என்ன செஞ்சது?" என்று கேட்டார் மிஸ்.

"ஒண்டும் செய்யல்ல மிஸ்." என் வாயைத் தைக்கவேணும்! சஃப்ராஸின் முகம் செத்துப்போச்சு.

மிஸ் பேனையை எடுத்தார். "மூணு வெள்ளியும் அது பழயதத் தூக்கி வெச்சிருந்தத நான் கண்ணால கண்டேன். ஒரு பதிவும் தவறிப்போகல்ல. அதக் காணாட்டி, ஒண்டும் செய்யாத சாமானுக்கு நான் ஏன் கையெழுத்து வெக்கணும்?" சொல்லிக்கொண்டே வைத்துவிட்டார்.

வாசலுக்கு வந்ததும் சஃப்ராஸ் என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டான். எனக்கும் கண் கலங்கியது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டான்: "அப்ப, நாம அதத் திருத்தாமலே உட்டிருந்தா இன்னும் நல்லமா மச்சான்?"

ஒழுங்காக வேலை செய்த ஒரு கிழமையால் அல்ல, தவறிப்போன மூன்று வெள்ளியால்தான் தன் வாப்பா ஊரில் நிற்கிறார் என்பதை, இப்போது தவழத் தொடங்கியிருக்கும் சஃப்ராஸின் மகளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.